ஓரியூருக்கு முதன்முறை செல்பவர்களுக்கு: செட்டிநாட்டிலிருந்து மறைசாட்சித் தலங்களுக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆயிரம் சன்னல் வீடு, ஆத்தங்குடிக் கல், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று ஒரு சுற்று வந்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். காலையில் காரைக்குடியில் பலகாரம் முடித்துக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் பார்த்துத் திரும்பக்கூடிய தொலைவில், தமிழகக் கத்தோலிக்க வரலாற்றின் மிக முக்கியமான இடங்களில் ஒன்று இருக்கிறது. அது ஓரியூர், மறைசாட்சியாக, அதாவது சமய நம்பிக்கைக்காக உயிர்விட்டவராகப் போற்றப்படும் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு இறந்த ஊர். அதைச் சேர்ந்தாற்போல் சருகணி, சற்று விலகி இடைக்காட்டூர் என இன்னும் சில தலங்களும் உள்ளன. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தயக்கமின்றிப் போகக்கூடிய இடங்கள் இவை. முதன்முறையாகச் செல்பவர்கள் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வரலாறு

பேருந்து நேரம் விசாரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. வரலாறு தெரியாமல் ஓரியூருக்குப் போனால் அது ஒரு பழைய கோயிலாகவும் கொஞ்சம் செம்மண்ணாகவும் மட்டுமே தெரியும்.

அருளானந்தரின் இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பிறந்தவர். போர்ச்சுக்கல் அரசவையோடு நெருக்கம் கொண்ட உயர்குடும்பத்துப் பிள்ளை. 1662-இல் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையில் சேர்ந்து, 1673-இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். ராபர்ட் தெ நொபிலி 1606-இல் தொடங்கிவைத்த மதுரை மறைப்பணியில் சேர்ந்து, காவி உடுத்தி, மரக்கறி உணவு மட்டும் உண்டு, பண்டார சுவாமி கோலத்தில் ஊர் ஊராக நடந்தார். அருளானந்தர் என்பது அப்போது அவர் ஏற்ற பெயர்.

அன்று மறவர் சீமை பிரிந்திருக்கவில்லை. சிவகங்கைச் சீமை தனியாகப் பிரிந்தது 1730-ஐ ஒட்டித்தான். ஆகவே இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் பெரும்பகுதியும் அக்காலத்தில் இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் ஆட்சிக்குள்ளேயே இருந்தது. 1686-இல் அருளானந்தரும் அவருக்குத் துணையாக மறைக்கல்வி புகட்டிய உபதேசியார்களும் மறவர் சீமையில் பிடிபட்டுக் கடுமையாக வதைக்கப்பட்டார்கள். அந்த வதைகளைச் சொல்லும் மறைப்பணி வரலாறுகளில் மங்கலம், காளையார்கோவில், பாகனேரி என நமக்குப் பழகிய ஊர்ப் பெயர்கள் வருகின்றன. நகரத்தார் ஊர் என்று மட்டும் நாம் அறிந்திருக்கும் பாகனேரிக்கு இப்படியொரு தொடர்பு உண்டு என்பது உள்ளூர்க்காரர்கள் பலருக்கே புதிய செய்தியாக இருக்கக்கூடும். அம்முறை அவர் உயிர் தப்பினார். மறைப்பணியின் சார்பாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டவர், அங்கேயே தங்கிவிடும்படி போர்ச்சுக்கல் மன்னர் வற்புறுத்தியும் கேளாமல், 1690-இல் திரும்பி வந்து மறுபடியும் மறவர் சீமைக்குள்ளேயே நுழைந்தார்.

இறுதி நிகழ்ச்சிக்குக் காரணமாக அமைந்தது தடியத்தேவர் என்பவரின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்). அவர் இராமநாதபுரம் அரச குடும்பத்தோடு உறவுடைய, அரியணைக்கும் உரிமை கொண்டாடக்கூடிய நிலையில் இருந்த சிற்றரசர். நோயிலிருந்து குணமடைந்த பின் கிறிஸ்தவராக விரும்பிய அவரிடம், ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்ற நிபந்தனையை அருளானந்தர் சொன்னார். தடியத்தேவர் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலாயி சேதுபதியின் உறவுப் பெண். அவர் முறையிட, 1693 சனவரியில் அருளானந்தர் பிடிக்கப்பட்டார். தலைநகரில் வைத்துத் தண்டித்தால் கலகம் மூளலாம் என்று கருதிய சேதுபதி, எல்லைப்புறத்தில் இருந்த ஓரியூருக்கு, அங்கே அதிகாரம் செலுத்திவந்த தம் தம்பியிடம் அவரை அனுப்பிவைத்தார். 1693 பிப்ரவரி 4 அன்று, பாம்பாற்றின் பக்கத்தில் ஒரு மேட்டில் அவர் தலை வெட்டப்பட்டது. அன்றைய நாள் சாம்பல் புதன், அதாவது நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் நாள். முந்தைய நாள் சிறையிலிருந்து அவர் தம் சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். மைக்குக் கரித்தூளும் எழுதுகோலுக்கு ஒரு துரும்பும் பயன்பட்டன.

1853-இல் திருத்தந்தை (போப்) ஒன்பதாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டமும், 1947 சூன் 22 அன்று பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதர் பட்டமும் வழங்கினார்கள்.

இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதை இரண்டு மதங்களின் சண்டையாக மட்டும் படிப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். திருமண உறவு, அரியணைப் போட்டி, உறவினர் மானம், ஓர் அயல்நாட்டுத் துறவி எந்தப் பக்கம் செல்வாக்குச் சேர்க்கிறார் என்ற ஐயம் ஆகிய அனைத்தும் இதில் கலந்திருக்கின்றன. சேதுபதிகளைப் பெருமையோடு நினைப்பவர்களும் அருளானந்தரைத் தங்கள் சாமியாகக் கும்பிடுபவர்களும் பல நேரங்களில் ஒரே குடும்பத்தவர்களாகவே இருப்பார்கள். ஆகையால் தேநீர்க் கடையில் உட்கார்ந்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பேச வேண்டியதில்லை.

எப்போது போவது

புனிதரின் திருநாள் பிப்ரவரி 4. அந்த நாளை ஒட்டி ஓரியூரில் கூட்டம் மிகுதியாக இருக்கும். திருவிழாவின் உயிர்ப்பைப் பார்க்க வேண்டுமானால் அப்போதே போக வேண்டும். ஆனால் முதல் வருகைக்கு நான் சாதாரண நாளையே பரிந்துரைப்பேன். திருவிழாக் கூட்டத்தில் இடத்தைப் பார்க்க முடியாது, ஆட்களைத்தான் பார்க்கலாம். சாதாரண நாளில் ஒருமுறை போய் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த பிப்ரவரியில் திருவிழாவுக்குச் செல்லும்போது எல்லாம் பிடிபடும்.

மாதம் என்று பார்த்தால், சனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் இராமநாதபுரம் மாவட்டத்துத் திறந்த வெளிகளில் நண்பகல் நேரம் நடமாடுவது கடினம். ஐப்பசி, கார்த்திகையில் மழை குறுக்கிடலாம். ஞாயிறு காலையில் திருப்பலி (பூசை) நேரத்துக்குச் சென்றால் வழிபாட்டில் பங்கெடுக்கலாம். வார நாளில் சென்றால் அமைதியாகப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே வருகையில் எதிர்பார்க்க வேண்டாம். திருப்பலி நேரம் காலத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், புறப்படுவதற்கு முன் திருத்தல அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

எப்படிப் போவது

வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் காரைக்குடி வசதியான தங்குமிடம். சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகக் காரைக்குடிக்கே வருகிறது. விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே நிறைய உண்டு. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தேவகோட்டையிலிருந்து திருவாடானைக்கு இன்னும் ஏறத்தாழ அதே தொலைவு. திருவாடானையிலிருந்து கடற்கரைப் பக்கமாகத் திரும்பிச் சென்றால் ஓரியூர்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் பேருந்துக்குப் பஞ்சமில்லை; தேவகோட்டையிலிருந்து திருவாடானைக்கும் அப்படியே. திருவாடானைக்கு அப்பால்தான் டவுன் பஸ் நேரம் பார்த்து வரும். ஆகவே ஓரியூரில் இறங்கும்போதே நடத்துநரிடம், “திரும்புற வண்டி எத்தனை மணிக்குண்ணே?” என்று கேட்டுவிடுங்கள். கைப்பேசியில் பார்த்த நேரத்தைவிட அவர் சொல்லும் நேரமே நம்பத்தக்கது. குழுவாகச் செல்பவர்கள் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வாடகை வண்டி பேசிக்கொண்டால் சருகணியையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரும் ஏதேனும் தின்பண்டமும் கையில் இருக்கட்டும். மதியச் சாப்பாட்டைத் தேவகோட்டையிலோ திருவாடானையிலோ முடித்துக்கொள்வது உத்தமம். திருவாடானையில் நேரம் கிடைத்தால், தேவாரப் பாடல் பெற்ற ஆதிரத்தினேசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டுப் போகலாம். இரண்டு தலங்களையும் ஒரே நாளில் கும்பிட்டுச் செல்லும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் புதியவை அல்ல.

கோயிலுக்குள் நடந்துகொள்ளும் முறை

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டும். உடை முழங்காலுக்குக் கீழ் வரையும் தோளை மறைத்தும் இருக்கட்டும். வாசலில் இருக்கும் தொட்டியில் மந்திரித்த தண்ணீர் இருக்கும். கத்தோலிக்கர்கள் அதில் விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு நுழைவார்கள்; மற்றவர்கள் அதைச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிராமத்துப் பழைய கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகத் தரையில் உட்காரும் வழக்கம் இன்னும் உண்டு. மற்றவர்கள் எப்படி அமர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

பீடத்தின் அருகே அணையாமல் எரியும் ஒரு சிறு விளக்கைக் காண்பீர்கள். அது எரிந்தால் அங்கே நற்கருணைப் பேழையில் நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம், இருக்கிறது என்று பொருள். கத்தோலிக்கர்களுக்கு அக்கோயிலிலேயே மிகப் புனிதமான இடம் அதுதான், புனிதரின் சுரூபம் (சிலை) இருக்கும் இடம் அன்று. புதியவர்கள் பெரும்பாலும் சுரூபத்தின் முன் அமைதியாக நின்றுவிட்டு, பேழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுப்பார்கள். இதைத் தவிர்த்தாலே பாதி மரியாதை காப்பாற்றப்பட்டுவிடும். பீடப் பகுதிக்குள் ஏறக்கூடாது.

திருப்பலி நடக்கும்போது உள்ளே இருந்தால், எல்லோரும் எழுந்தால் எழுந்து நில்லுங்கள். முழந்தாளிடும் நேரத்தில் முழந்தாளிட விருப்பமில்லையென்றால் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். நற்கருணை வாங்க மக்கள் வரிசையில் செல்லும்போது கத்தோலிக்கர் அல்லாதவர்கள் தங்கள் இடத்திலேயே இருக்க வேண்டும். பிரசாதம் போல எல்லோருக்கும் வழங்கப்படுவது என்று எண்ணி வரிசையில் போய் நிற்பவர்கள் உண்டு; குருவுக்கும் அவர்களுக்கும் அது சங்கடமாக முடியும். திருப்பலி நேரத்தில் படம் எடுக்க வேண்டாம். மற்ற நேரங்களில் கேட்டுவிட்டு எடுக்கலாம்.

குருவானவரைச் சந்தித்தால், “தோத்திரம் சாமி” என்று கும்பிடுவது இவ்வட்டார வழக்கம். பெயர் சொல்லி அழைப்பது வழக்கமில்லை. துறவறச் சகோதரிகளைச் “சிஸ்டர்” என்றே அழைக்கலாம். உங்கள் குடும்பத்தின் வேண்டுதல் கருத்துக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க விரும்பினால், அலுவலகத்தில் கருத்தைச் சொல்லிப் பூசைக்காசு செலுத்தி இரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இறந்தவர்களுக்காகவும், நோயாளிக்காகவும், நன்றியாகவும் ஒப்புக்கொடுப்பார்கள். வெளியே யாரேனும் கோயிலின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால், அலுவலகத்தில் தருவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஓரியூரின் செம்மண்ணும் நேர்த்திக்கடன்களும்

ஓரியூரில் பார்க்க வேண்டிய முதன்மையான இடம், அருளானந்தர் இரத்தம் சிந்தியதாகப் போற்றப்படும் மண். புனிதரின் குருதி பட்டுச் சிவந்த மண் என்பது மக்களின் உறுதியான நம்பிக்கை. வருகிறவர்கள் அந்த மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். நோயுற்ற இடத்தில் பூசுகிறார்கள். சிறிதளவு தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். குழந்தைப் பேறு வேண்டி வருகிறவர்கள் மிகுதி. புடவைத் தலைப்பின் முனையில் அந்த மண்ணை இறுக்கி முடிந்துகொண்டு, முடிச்சைக் கையால் மூடியபடியே நீண்ட நேரம் முழந்தாளில் இருக்கும் பெண்களை நீங்கள் பார்க்க நேரலாம். அவர்களைச் சுற்றிக்கொண்டு, சற்றுத் தள்ளியே நடந்து செல்லுங்கள். நீங்களும் மண் எடுக்கலாம். ஆனால் ஒரு சிட்டிகைக்கு மேல் தேவையில்லை. பாட்டிலில் அள்ளிப் போவது அழகன்று.

இங்கே புதியவர்களுக்கு ஒரு யோசனை. 1693-இல் நடந்த தண்டனை, அதற்கு முந்தைய நாள் எழுதப்பட்ட கடிதம், புனிதர் பட்ட விசாரணை ஆகியவை எழுத்துச் சான்றுகளால் நிற்பவை. மண்ணின் நிறமும் அது தரும் நலமும் நம்பிக்கையால் நிற்பவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மடக்கவும் வேண்டாம். மண்ணின் வேதியியலை அந்த இடத்தில் நின்று விளக்குபவரை யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் மறுபடி பேச்சுக் கொடுக்கவும் மாட்டார்கள்.

நேர்த்திக்கடன்கள் ஓரியூரின் தனித்தன்மை. பிள்ளைகளுக்கு மொட்டை அடித்துக் காது குத்துவார்கள்; குழந்தை பிறந்த நன்றிக்காகத் தென்னங்கன்று கொண்டுவந்து காணிக்கையாகத் தருவார்கள்; கிடா வெட்டிச் சமைத்து ஏழைகளுக்கும் வந்தவர்களுக்கும் சோறு போடுவார்கள். முதன்முறை பார்ப்பவர்களுக்கு, குறிப்பாக நகரத்துக் கத்தோலிக்கர்களுக்கு, இது குலதெய்வக் கோயில் போல இருக்கிறதே என்று வியப்பு ஏற்படும். வியப்பில் தவறில்லை, ஏனெனில் இங்கே வருகிறவர்களில் இந்துக்கள் கணிசமானவர்கள். அவர்களுடைய வேண்டுதல் முறையும் கத்தோலிக்கர்களுடைய வேண்டுதல் முறையும் பல தலைமுறைகளாக ஒன்றையொன்று தொட்டு வளர்ந்தவை. புனிதரைத் தங்கள் குலத்துக்குரியவராகவே கருதும் மறவர், கள்ளர் குடும்பங்கள் உண்டு. அவரைத் தண்டித்த சீமையின் மக்களே அவரைக் காவல் தெய்வமாக ஏற்றுக்கொண்டதைத்தான் ஓரியூரின் மிகப் பெரிய வரலாற்றுச் செய்தியாக நான் கருதுகிறேன்.

வேண்டுதல் நிறைவேற்றும் குடும்பத்தார், “வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க” என்று அழைத்தால் மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வந்தவர் சாப்பிட்டால்தான் வேண்டுதல் முழுமை பெறும் என்பது அவர்கள் எண்ணம். அசைவம் உண்ணாதவர்கள் கொஞ்சம் சோறும் மோரும் வாங்கிக்கொண்டால் போதும். சாப்பாட்டுக்குப் பணம் நீட்ட வேண்டாம். மொட்டை அடித்த குழந்தையின் கையில் விருப்பமானதைக் கொடுத்துவிட்டு வரலாம்.

சருகணி

ஓரியூரோடு இன்னும் ஓரிடம் பார்க்க நேரம் இருக்குமானால், தேவகோட்டை வட்டத்தில் உள்ள சருகணியைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள திரு இருதயங்களின் ஆலயத்தைச் சர்வேசுரன் கோவில் என்று சொல்வதும் உண்டு. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் இக்கோவிலுக்கு மானியம் தந்து ஆதரித்தார்கள். தேரும் அவர்கள் கொடை என்று ஊரார் சொல்கிறார்கள். உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டர்) ஒட்டி நடக்கும் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டும் அல்லர். ஓரியூரில் 1693-இல் மறைசாட்சி வீழ்ந்தார்; அதே மறவர் சீமையின் ஒரு பகுதியில் நூறாண்டு கழித்து அரசுக்கு உரியவர்களே கோவிலைப் போற்றினார்கள். இவ்விரண்டு ஊர்களையும் ஒரே நாளில் பார்ப்பதில் உள்ள பயன் இதுதான். திரும்பும் வழியைக் காளையார்கோவில் வழியாக அமைத்துக்கொண்டால், 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களின் நினைவிடத்தையும் பார்க்கலாம்.

சருகணியில்தான் லூயி மரி லெவே அடிகளாரின் கல்லறை இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த வறண்ட சீமை மக்களோடு கழித்து 1973-இல் மறைந்தவர். அவருக்குப் புனிதர் பட்டம் வேண்டும் விசாரணை தொடங்கப்பட்டு, இறை ஊழியர் என்ற நிலையில் இருக்கிறார். இந்நிலையில் இருப்பவருக்குத் தனிப்பட்ட முறையில் வேண்டிக்கொள்ளலாமே தவிர, புனிதர்களுக்குரிய பொது வழிபாடு நடத்துவதில்லை. ஆகவே கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டுபவர்களைப் பார்க்கலாம்.

இடைக்காட்டூரும் அதற்கு அப்பாலும்

இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம் மறைசாட்சித் தலம் அன்று. 1894-இல் பிரெஞ்சு குரு பெர்டினாண்ட் செல் எழுப்பிய கோதிக் பாணிக் கோயில் அது. பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டது. செங்கல்லையும் சுட்ட மண்ணையும் கொண்டு இவ்வளவு நுட்பமாகக் கட்டியிருப்பதைக் காண்பதற்காகவே போகலாம். ஆனால் அது மதுரை–மானாமதுரைப் பக்கம் இருப்பதால் ஓரியூரோடு ஒரே நாளில் திணிக்க வேண்டாம். மதுரை வழியாக ஊர் திரும்புபவர்கள் கடைசி நாளில் வைத்துக்கொள்ளலாம்.

இராமேசுவரம் வரை செல்பவர்கள், மண்டபத்துக்கு முன்னால் வரும் வேதாளை என்னும் கடலோர ஊரைக் கவனத்தில் கொள்ளுங்கள். அருளானந்தருக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்பு, 1549-இல், அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு கொல்லப்பட்டது அங்கேதான். இயேசு சபையின் முதல் மறைசாட்சியாக அவர் கருதப்படுகிறார். முத்துக்குளித்துறை மக்களைக் காப்பாற்றி அனுப்ப முயன்றபோது படைவீரர்களால் குத்தப்பட்டார்.

தெற்கே இன்னும் செல்லும் திட்டம் உள்ளவர்களுக்கு நாகர்கோவில் அருகே இரண்டு இடங்கள் போதும். 1752 சனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலை ஒன்று. அவருடைய கல்லறை உள்ள கோட்டாறு சவேரியார் பேராலயம் மற்றொன்று. 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அதற்குத் தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் தங்கியபடி போய் வரும் தொலைவு அன்று.